அல்க்மார் நகரத்துத் தராசு

ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறி அமர்ந்தால் முக்கால் மணி நேரத்திற்குள் அல்க்மார் என்னும் பழைய ஊரை அடைந்துவிடலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வெள்ளிக்கிழமைக் காலைகளில் அந்த ரயிலில் செல்லும் வெளிதேசத்துப் பிரயாணிகள் பலர் ஒரே காட்சியை நாடிப் போகிறவர்கள். வெள்ளை உடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்த மனிதர்கள், மஞ்சள் நிறப் பாலாடைக்கட்டிகளை மரத்தட்டுகளில் ஏற்றி, சந்தைத் திடலுக்கும் தராசு மண்டபத்துக்கும் இடையே ஓட்டமும் நடையுமாகச் சுமந்து திரிகிற காட்சி அது. படம் பிடித்துக்கொண்டு, இரண்டு துண்டு கட்டியைச் சுவைத்துவிட்டு, மத்தியான ரயிலில் திரும்பிவிடுகிறவர்களை நான் குறை கூறமாட்டேன். கண்ணுக்கு அது விருந்துதான். ஆயினும் அந்தத் திடலின் ஓரத்தில் நிற்கும் மண்டபத்துக்குள் தொங்குகிற தராசுகளின் சரித்திரத்தை அறியாமல் வருகிறவன், உற்சவ மூர்த்தியின் அலங்காரத்தைக் கண்டுவிட்டு மூலவரைத் தரிசிக்காமல் வீடு திரும்புகிறவனுக்கு ஒப்பாவான்.

ஹாலந்தின் வடபகுதி கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த பிரதேசம். சதுப்பு நிலத்திலிருந்து நீரை வடித்து உழவு செய்யத் தொடங்கிய பழங்காலத்துக் குடியானவர்கள், வடிக்க வடிக்க நிலமே அமிழ்ந்து போவதையும், அமிழ்ந்த நிலத்தில் மீண்டும் நீர் ஊறித் தானியம் அழுகுவதையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டு, ஈற்றில் ஏரைக் கைவிட்டுப் பசுவைப் பற்றிக்கொண்டார்கள். ஈரமான அந்த மண்ணில் புல் மட்டும் செழித்தது. ரொட்டிக்கு வேண்டிய தானியமோ பால்டிக் கடற்கரை நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கறந்த பால் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. அதை உறைய வைத்து, நீர் பிழிந்து, உப்பில் ஊறப்போட்டுக் கட்டியாக்கினால் மாதக்கணக்கில் தாங்கும், தொலைதூரம் பிரயாணம் செய்யும். பண்ணை வீடுகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். அதிகாலையிலும் அந்தியிலும் கறந்த பாலில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்த்து, திரண்டதைக் கையால் உடைத்து, அச்சிலிட்டுப் பாரம் ஏற்றி, பின்னர் நிலையடுக்குகளில் வைத்து நாள்தோறும் புரட்டிப் புரட்டித் துடைத்துப் பக்குவம் செய்தவர்கள் அவர்களே. சந்தையின் புகழெல்லாம் திடலில் நின்ற ஆடவருக்குப் போயிற்று. அந்தப் பெண்களுக்கும் ஒரு பங்கு உரியது என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ஏடம் துறைமுகத்தின் பெயரால் உலகெங்கும் வழங்கும் உருண்டைக் கட்டி இந்தப் பிரதேசத்துச் சரக்குதான். ஏற்றுமதிக்குச் செல்லும் உருண்டைகளுக்குச் சிவப்பு நிறம் ஊட்டுவது வழக்கம். அந்தச் சாயம் பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில் கிரான் கல்லார்க் என்னும் கிராமத்திலிருந்து வந்தது. அவ்வூரார் ஒருவகைச் செடியின் சாற்றில் கந்தைத் துணிகளை நனைத்து, சிறுநீர் ஆவியில் காட்டி நிறம் ஏற்றி, காயவைத்து மூட்டை கட்டி ஹாலந்துக்கு அனுப்புவார்கள். எங்கோ ஒரு குக்கிராமத்தின் கந்தைத் துணியும் இன்னொரு தேசத்தின் பாலும் இப்படிச் சந்தித்துக்கொண்டதை நினைக்கும்போது, வாணிபம் என்பது எத்தனை எளிய மக்களின் கைகளைக் கோத்துவைத்திருக்கிறது என்ற வியப்பு எனக்கு ஒருபோதும் அடங்குவதில்லை.

சரக்கு இருந்தால் போதாது. அதை நிறுக்கும் உரிமை வேண்டும். மத்திய கால ஐரோப்பாவில் பொதுத் தராசு வைப்பது அரசனோ பிரபுவோ தந்து பெறவேண்டிய சலுகை. தராசு உள்ள ஊருக்குத்தான் சந்தை; சந்தை உள்ள ஊருக்குத்தான் நிறைகூலி, சுங்கம், சத்திரம், ஜனநடமாட்டம் எல்லாம். விற்பவனும் வாங்குபவனும் தத்தம் கல்லைக் கொண்டுவந்து வாதிடாமல், இருவருக்கும் பொதுவான ஓர் இடத்தில், நகர சபை பொறுப்பேற்ற எடைக்கற்களைக்கொண்டு நிறுத்துத் தீர்ப்பது அந்த ஏற்பாட்டின் சாரம். அல்க்மாரில் 1365-ஆம் ஆண்டிலேயே ஒரு பாலாடைக்கட்டித் தராசு இருந்தது. பிற்பாடு அந்த நிறையுரிமை நகரத்தின் கையை விட்டுப் போயிற்று. அதைத் திரும்பப் பெற்ற விதம்தான் ஒரு வீர சரித்திரம்.

ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்புக்கு எதிராக ஹாலந்து மக்கள் கிளர்ந்தெழுந்த காலம் அது. ஆல்பா பிரபுவின் மகன் டான் ஃபட்ரிக்கே தலைமையில் வந்த ஸ்பானியப் படை, ஏழு மாத முற்றுகைக்குப் பின் 1573 ஜூலையில் ஹார்லெம் நகரத்தைப் பணியவைத்து, சரணடைந்த காவற்படையினரை இரக்கமின்றி வெட்டிக் கொன்றது. அடுத்த இலக்கு அல்க்மார். ஆகஸ்டு 21-ஆம் தேதி முற்றுகை தொடங்கிற்று. நகரத்துக்குள் இருந்தவர்கள் சில நூறு படைவீரர்களும் ஆயுதம் பழகாத நகரத்தாருமே. வெளியே நின்றவர்களோ பல்லாயிரவர். செப்டம்பர் 18-ஆம் தேதி ஸ்பானியர் மதிலின்மேல் ஏறிப் பாய்ந்தபோது, ஆடவரோடு பெண்களும் சிறுவர்களும் மதில்மேல் நின்று கொதிநீரையும் காய்ச்சிய தாரையும் கொட்டி, தீ மூட்டிய வளையங்களைப் பகைவரின் கழுத்தில் விழும்படி எறிந்து அவர்களைத் துரத்தியடித்தார்கள்.

ஆனால் மதில்மேற் காட்டிய வீரம் மட்டும் நகரத்தைக் காத்துவிடவில்லை. சுற்றிலும் உள்ள அணைகளை உடைத்துக் கடல்நீரைப் பாயவிட்டால் முற்றுகைப் படை நிற்க இடமிருக்காது. அதற்கு அநுமதி கேட்டு மார்ட்டன் பீட்டர்ஸோன் வான் டெர் மே என்ற தச்சர், குடைந்த கைத்தடிக்குள் கடிதங்களை ஒளித்துக்கொண்டு பகைவரின் காவலைக் கடந்து சென்று, வடபகுதியின் ஆளுநர் சொனாயைக் கண்டார். அணையை வெட்டினால் விளைந்த புல்லும் நிற்கும் பயிரும் மாடும் மனையும் தங்களுடையவையே அழியும் என்பதை அறிந்தே மக்கள் அதற்குச் சம்மதித்தார்கள். தச்சர் திரும்பி வருகையில் உயிர்தப்பும் அவசரத்தில் தடியைத் தவறவிட்டார் என்றும், அது ஸ்பானியர் கையிற் சிக்கவே, நாடு முழுவதையும் நீரில் மூழ்கடிக்கத் துணிந்துவிட்டார்கள் என்பதைக் கடிதத்தில் படித்த தளபதி மனம் கலங்கினான் என்றும் சரித்திராசிரியர்கள் கூறுகிறார்கள். அக்டோபர் 8-ஆம் தேதி முற்றுகை நீங்கிற்று. வெற்றி அல்க்மாரிலிருந்து தொடங்குகிறது என்ற பொருளில் ஒரு வாக்கு அந்நாட்டில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது; அந்தத் தேதி ஆண்டுதோறும் நகரத்தில் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது.

இந்தத் தியாகத்திற்குச் சன்மானமாக 1581-ஆம் ஆண்டில் அல்க்மாருக்கு நிறையுரிமை மீண்டும் கிடைத்தது. பொன்னோ நிலமோ பட்டமோ அல்ல, ஒரு தராசு! நகரத்தார் அதன் அருமையை நன்கு உணர்ந்திருந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் பரிசுத்த ஆவியின் பெயரால் எழுப்பப்பட்டு, ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் புகலிடமாக விளங்கிய ஒரு தேவாலயத்தை எடுத்து அதையே தராசு மண்டபமாக மாற்றினார்கள். பறிபோன தராசின் உரிமையை வீரமே மீட்டுத் தந்தது என்னும் கருத்தமைந்த லத்தீன் வாசகத்தை முகப்பிலே பொறித்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அதன்மேல் ஒரு கோபுரமும் எழுந்தது. பண்ணைகளிலிருந்து கால்வாய் வழியே படகுகளில் வந்த கட்டிகள் மண்டபத்தின் காலடியிலேயே இறங்கின. வியாபாரம் பெருகப் பெருக, சுற்றியிருந்த வீடுகளை இடித்துத் திடலைப் பலமுறை விரிவாக்க நேர்ந்தது. சற்றுத் தொலைவில் கால்வாய்க் கரையில் 1622-இல் கட்டிய சுங்கக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1924-இல் போக்குவரத்துக்கு இடைஞ்சலாயிருந்ததனால் அதை இடிக்க மனமின்றி, முழுக்கோபுரத்தையும் அப்படியே சுமார் 4 மீட்டர் நகர்த்தி வைத்தார்களாம்!

சரக்கைத் திடலிலிருந்து தராசுக்கும், தராசிலிருந்து வாங்கினவரின் படகுக்கோ வண்டிக்கோ கொண்டு செல்லுகிற சுமை தூக்குவோர் 1593-இல் ஒரு சங்கமாகத் திரண்டனர். அச்சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் அதன் நிறத்தில் தொப்பி நாடா, அதே நிறத்தில் மரத்தட்டு, மண்டபத்துக்குள் அதற்கென ஒரு தராசு. அணியில் ஒருவர் தோற்பை தாங்கித் தராசடியில் நின்று நிறுக்கும் பொறுப்பை ஏற்கிறார். எல்லோருக்கும் மேலான தலைவரைத் தந்தை என்ற பொருள்படும் பட்டத்தால் அழைக்கிறார்கள். கையிற் கோலும் தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பியுமாக அவர் நடமாடுவார். வேலை முடியும்வரை மதுவைத் தொடக்கூடாது, வசைமொழி கூடாது, கைகலப்பு கூடாது என்பன சங்கத்தின் கட்டுப்பாடுகள். நேரம் தவறி வந்தவனுக்கு அபராதம் உண்டு. அவன் பெயர் எல்லோரும் காண ஒரு பலகையில் எழுதப்படும். பிறர் பொருளைத் தோளில் ஏற்கிறவன் நிதானம் தவறலாகாது என்ற விவேகம் இந்த விதிகளில் இருக்கிறது. 1798-இல் சட்டம் செய்து நாடெங்கும் தொழிற்சங்கங்களைக் கலைத்தபோதும் இந்தச் சுமைகாரர்களின் கட்டு குலையவில்லை.

காலை 10 மணிக்கு மணியடித்ததும் சந்தை தொடங்குகிறது. அதற்கு வெகு முன்னதாகவே, ஒவ்வொன்றும் 13 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வட்டக் கட்டிகளைத் திடலில் வரிசை வரிசையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். மொத்தம் சுமார் 30,000 கிலோ. வெள்ளை அங்கி தரித்த பரீட்சகர் வரிசையில் ஒன்றைத் தேர்ந்து, முதலில் கையால் தட்டி ஓசையைக் கேட்கிறார். பிறகு குழல்போல் குடைந்த இரும்பு ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, விரல் நீளத் துண்டை வெளியே இழுக்கிறார். அதில் துளைகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்க்கிறார். இரு விரல்களுக்கிடையே நசுக்கி முகர்கிறார். ஒரு விள்ளல் வாயிலிடுகிறார். எஞ்சிய அடித்துண்டை மீண்டும் அந்தத் துளைக்குள்ளேயே செருகி விரலால் அழுத்தி மூடிவிடுகிறார், காற்று உட்புகுந்து கட்டி கெடாமலிருக்கும் பொருட்டு. இந்தப் பரீட்சைக்குப் பின்னரே பேரம். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நின்று, விலையை உரக்கச் சொல்லி ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் அறைகிறார். எதிர்விலை சொல்லி அவர் திருப்பி அறைகிறார். கடைசி அறையோடு கிரயம் முடிவாகிறது. அதற்குமேல் பத்திரம் வேண்டியதில்லை.

முடிந்த சரக்கை எட்டு எட்டுக் கட்டிகளாகத் தட்டில் ஏற்றுகிறார்கள். தட்டும் சரக்குமாகச் சுமார் 130 கிலோ. முன்னும் பின்னும் நிற்கும் இருவர் தோள்வாரை மாட்டி, முழங்கால் மடித்துத் தூக்கி, தட்டு ஊஞ்சலாடாமலிருப்பதற்கென்றே பழகிய ஒரு குறுநடையில் விரைகிறார்கள். பார்க்க வேடிக்கையாகத் தோன்றும் அந்த நடை அநுபவத்தில் விளைந்த சாஸ்திரம். மனம்போனபடி கால் வைத்தால் ஆடும் சுமை இடுப்பை முறித்துவிடும்.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தச் சந்தைக்குப் புது வெள்ளம் போல் சரக்கு வரத் தொடங்கியதற்கு ஒரு காரணம் நம் கடற்கரையோடும் உறவுடையது. அல்க்மாருக்குக் கிழக்கே இருந்த பெரிய ஏரிகளைக் காற்றாலைகளால் இறைத்து வற்றச்செய்து நிலமாக்கினார்கள். பேம்ஸ்டர் ஏரி 1612-இலும், ஸ்கெர்மர் ஏரி 1635-இலும் வற்றின. பேம்ஸ்டருக்கு முதலீடு செய்தவர்களில் முதன்மையானவர் டிர்க் வான் ஓஸ் என்ற வணிகர். 1602-இல் பிறந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் அவர் ஒருவர். கீழைக் கடல்களிலே வாசனைப் பொருள் தேடிச்சென்ற மூலதனமும் ஏரியை வற்றச்செய்த மூலதனமும் ஒரே பெட்டியிலிருந்து புறப்பட்டவை. தானியம் விளையுமென்று எதிர்பார்த்த புது நிலம் ஈரம் மிகுதியால் புல்வெளியாகவே நிலைத்தது. அங்கே மேய்ந்த பசுக்களின் பால் அல்க்மாரின் தராசுக்கு வந்து சேர்ந்தது. அதே கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும், 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கேசியரிடமிருந்து பறித்ததும், இலங்கையின் கரையோரத்தை ஆண்டதும் நாம் அறிந்தவை. இலங்கையில் வாழும் டச்சு வழிப் பறங்கியர் கிறிஸ்துமஸ் காலையில் புருடர் என்னும் இனிப்பு ரொட்டியோடு ஏடம் கட்டியை உண்ணும் வழக்கத்தை இன்றும் விடவில்லை. கம்பெனியின் கொடி இறங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் உணவு அங்கே எஞ்சியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கூட்டுறவு ஆலைகள் தோன்றி, பண்ணைப் பெண்களின் கைவேலையை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. ஆலையிலிருந்து வியாபாரிக்கு நேரே சரக்கு போகத் தொடங்கியதும் சந்தைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஏடத்தின் சந்தை 1922-இல் நின்று, 1989-இல்தான் காட்சியாகப் புத்துயிர் பெற்றது. கௌடா நகரத்தில் பீட்டர் போஸ்ட் என்ற கட்டடக் கலைஞர் 1668-இல் அமைத்த அழகிய தராசு மண்டபமும் இன்று பிரயாணிகளுக்காகவே திறந்திருக்கிறது. அல்க்மாரிலும் திடலில் நடக்கும் பேரம் தேசத்தின் விலையை நிர்ணயிப்பதில்லை. சுமை தூக்குகிறவர்கள் வேறு தொழில்களில் சம்பாதித்து, சந்தை நாளில் மட்டும் தொப்பி அணிகிறவர்கள்.

இதனால் இது வெறும் வேஷம் என்று சொல்லிவிடுவோர் உண்டு. அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. வேஷமானால் காலியான தட்டைத் தூக்கி ஓடினாலும் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை. இவர்களோ முழுச் சுமையையும் தூக்குகிறார்கள், தராசில் ஏற்றி மெய்யாகவே நிறுக்கிறார்கள், தாமதித்தவனுக்கு அபராதம் விதிக்கிறார்கள். பிழைப்புக்கு வேண்டாமென்றான பின்னும் ஒரு தொழிலின் ஒழுக்கத்தை ஒரு நகரம் இத்தனை சிரத்தையோடு காத்துவருவதை நான் வேறெங்கும் அதிகம் அறியேன்.

ஹாலந்துக்குப் போகும் வாய்ப்புப் பெற்ற அன்பர்கள், கூட்டம் சேருமுன் ஒன்பது மணிக்கே அல்க்மார் திடலுக்குப் போய்விடுங்கள். ஓட்டத்தைப் பார்த்து மகிழ்ந்த பின் மண்டபத்துக்குள்ளும் நுழையுங்கள். கீழே நான்கு நிறத்துத் தராசுகளும், மேல்மாடியில் 1983 முதல் நடந்துவரும் பாலாடைக்கட்டிக் காட்சிசாலையில் பண்ணைப் பெண்கள் கையாண்ட மர அச்சுகளும் அழுத்துப்பொறிகளும் இருக்கின்றன. அவற்றுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.