இ.எஸ்.ஐ. பிடித்தம்: நிலையற்ற ஊதியமும் நாள் கணக்கும்

இந்தியாவில் தொழிலாளரின் ஊதியத்திலிருந்து ஒரு சிறு பங்கையும் முதலாளியிடமிருந்து அதைவிடப் பெரிய பங்கையும் பெற்று, நோய், மகப்பேறு, பணியிட விபத்து ஆகியவற்றுக்கு ஈடு தரும் காப்பீட்டுச் சந்தாவே இ.எஸ்.ஐ. பிடித்தம். மாதச் சம்பளக்காரருக்கு இது சம்பளச் சீட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். பகுதி நேரமாக வருபவர், பீஸ் ரேட்டில் தைப்பவர், ஆர்டர் இருந்தால் மட்டும் அழைக்கப்படுபவர் ஆகியோருக்கு அந்த வரி மாதந்தோறும் மாறும். எவ்வளவு பிடித்தார்கள் என்பதைவிட எத்தனை நாளுக்குப் பிடித்தார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வி. இத்திட்டத்தின் வரலாற்றில் பெரும்பகுதி, அந்த நாளை எப்படி எண்ணுவது என்பதைப் பற்றியதுதான்.

1943இல் பிரித்தானிய இந்திய அரசு, தொழிலாளருக்கான நலக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பைப் பேராசிரியர் பி. பி. அதார்க்கரிடம் ஒப்படைத்தது. அவர் 1944 ஆகஸ்டில் அறிக்கை தந்தார். அதன் அடிப்படையில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் டெல்லியிலும் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் முதலில் வந்த ஊர் கோயம்புத்தூர், 1955இல். பஞ்சாலைகளும் பட்டறைகளும் நிறைந்த ஊர் என்பதால் அந்தத் தேர்வில் வியப்பில்லை.

தொடக்கச் சட்டம் வாரத்தை அலகாகக் கொண்டது. தினக்கூலியைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் வாரத்துக்கு இத்தனை அணா என்று நிர்ணயித்திருந்தார்கள். சந்தா அட்டையில் முத்திரை ஒட்டுவதே வசூல் முறை. நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காதவர் தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை; முதலாளியின் பங்கு மட்டும் செலுத்தப்படும். ஏழைத் தொழிலாளியிடம் வாங்காமலே அவரைக் காப்பீட்டுக்குள் வைத்திருக்கும் இந்த ஏற்பாடு இன்றுவரை நீடிக்கிறது. ரூபாய் மதிப்பு மாறியதற்கேற்ப வரம்பு மட்டும் உயர்ந்தது. 2016இல் நாளுக்கு 137 ரூபாய் என்றிருந்தது, 2019இல் 176 ஆனது.

படிகளும் முத்திரைகளும் பின்னர் மறைந்தன. 1989ஆம் ஆண்டுத் திருத்தம் வாரத்தை விட்டுவிட்டு, ஊதியம் எந்தக் காலத்துக்கு வழங்கப்படுகிறதோ அதையே அலகாக்கியது. அணாக்கணக்கின் இடத்துக்குச் சதவீதம் வந்தது. 1997 முதல் தொழிலாளி 1.75, முதலாளி 4.75 சதவீதம் செலுத்தினர். 2019 ஜூலை 1 முதல் இது முறையே 0.75, 3.25 ஆகக் குறைந்தது.

சதவீதம் வந்தபின் கணக்கு எளிதாகிவிட்டதாகத் தோன்றும். பிடிக்கும் கணக்கு எளிதுதான். பயன் பெறும் கணக்கில்தான் சிக்கல். ஆண்டு இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. முதல் அரையாண்டில் கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன். இரண்டாம் அரையாண்டுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. நோய்க்கால உதவித்தொகை வேண்டுமானால், அரையாண்டில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். அதாவது மாதத்துக்குச் சராசரியாக 13 நாள். அது இருந்தால், சராசரித் தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஏப்ரலில் 22 நாள், மே மாதம் 20 நாள், ஜூனில் 24 நாள் வேலை. ஜூன் ஊதியம் 15,600 ரூபாய். அவரிடம் பிடித்தது 117, முதலாளி கட்டியது 507. ஜூலையில் ஆர்டர் குறைந்து 11 நாள்தான் வேலை, ஊதியம் 6,200. பிடித்தம் 46 ரூபாய் 50 காசு வரும். காசை மேல்நோக்கி முழுமையாக்குவது விதி என்பதால் 47. முதலாளி பங்கு 202. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வேலையே இல்லை. ஊதியம் இல்லாத மாதத்துக்குப் பிடித்தமும் இல்லை. மொத்தம் 77 நாள். ஒரே ஒரு நாள் குறைவதால், ஜனவரி முதல் ஜூன் வரை அவர் காய்ச்சலில் படுத்தால் நோய்க்கால உதவித்தொகை கிடையாது.

இன்னொருவர், ஒரு நிறுவனத்தில் காலையில் இரண்டு மணி நேரம் கூட்டிப் பெருக்குபவர். மாதம் 25 நாள் வேலை, 4,000 ரூபாய் ஊதியம். நாளுக்கு 160 ரூபாய்தான் வருகிறது. 176க்குக் கீழே என்பதால் அவரிடம் ஒரு காசும் பிடிக்க மாட்டார்கள். முதலாளி 130 ரூபாய் கட்டுவார். நான்கு மாதத்திலேயே 78ஐத் தாண்டிவிடுவார். சட்டம் நாளை எண்ணுகிறது, மணியை எண்ணுவதில்லை. அதனால் பகுதி நேரமானாலும் தினமும் வருபவருக்கு இத்திட்டம் பரிவு காட்டுகிறது. முழு நேரம் உழைத்தும் விட்டு விட்டு வேலை கிடைப்பவரைக் கைவிடுகிறது. திட்டத்தின் பெருங்குறை இதுவே என்று சொல்லலாம்.

எல்லாப் பயன்களுக்கும் 78 தேவையில்லை. மகப்பேறு உதவிக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாள் போதும். பணியிட விபத்துக்கு நாள் கணக்கே இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே விரல் ஊசியில் சிக்கினாலும் ஊனக்கால உதவி உண்டு. அரையாண்டின் நடுவில் முதன்முறையாகச் சேர்பவருக்கும் சலுகை உண்டு: மிஞ்சியிருக்கும் வேலை நாள்களில் பாதிக்குச் சந்தா இருந்தால் போதும்.

மேல் வரம்பிலும் ஏற்றத்தாழ்வான வருமானம் கணக்கில் கொள்ளப்பட்டுள்ளது. 2017 ஜனவரி முதல் மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களே திட்டத்துக்குள் வருவர். நடுவில் ஊதியம் அதைத் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும் வரை முழு ஊதியத்துக்கும் பிடித்தம் தொடரும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஓவர்டைம் பணம் வரம்பைக் கணக்கிடும்போது சேரவில்லை, சந்தாவைக் கணக்கிடும்போது சேர்ந்தது. ஏற்றுமதி அவசரத்தில் இரவு ஷிப்ட் பார்த்த மாதத்தில் பிடித்தம் கூடியது இதனால்தான்.

யார் தொழிலாளி என்ற வழக்குகளும் இவ்வரலாற்றின் பகுதி. ஹைதராபாத் ராயல் டாக்கீஸ் வழக்கில், திரையரங்க வளாகத்தில் ஒப்பந்தக்காரர் நடத்திய உணவகத்திலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் வேலை பார்த்தவர்களுக்கும் திரையரங்கமே பொறுப்பு என்று 1978இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். வருங்கால வைப்பு நிதியிலும் (பி.எஃப்.) இதே கேள்வி எழுந்தது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீடி சுற்றுவோரும் பி.எஃப். வளையத்துக்குள் வருவர் என்பது 1980களில் நீதிமன்றத்தில் உறுதியானது. தொடக்கத்தில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கே பி.எஃப். கிடைத்தது, 1990 நவம்பர் முதல், சேரும் நாளிலிருந்தே உறுப்பினர்.

இ.எஸ்.ஐ.யில், பிடிக்க மறந்த மாதத்தின் தொழிலாளி பங்கை முதலாளி அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அதைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் அது நம்பிக்கை மோசடி. மாதம் முடிந்த 15 நாளுக்குள் பணம் இ.எஸ்.ஐ. கழகத்துக்குச் சேர வேண்டும்.

இந்தச் சட்டங்களை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊதியத்துடன் தரப்படும் படிகள் (அலவன்ஸ்) மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் இனி ஊதியமாகவே கொள்ளப்படும். உணவு கொண்டுவருபவர், வாடகை வண்டி ஓட்டுநர் போன்ற செயலிவழித் தொழிலாளரைச் சட்டம் முதன்முறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும் இதில்தான். அவர்களுக்காக நிறுவனம் தன் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை, அவர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், நிதிக்குச் செலுத்த வேண்டும். இந்தத் தொகை ஒவ்வொருவர் ஊதியத்திலும் பிடிக்கப்படுவதில்லை. நிறுவனத்தின் மொத்த வருவாயிலிருந்து போகிறது.