பிழையும் சாவும்: ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீதிமன்றம் வரை



"டொக்டர்மார் கவனிக்கேல்லை. கவனிச்சிருந்தால் அம்மா இப்ப இருந்திருப்பா." செத்தவீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் எங்களில் குறைவு. யாழ்ப்பாணத்தில் கேட்டோம், கொழும்பில் கேட்டோம், இப்போது கூர் நகரிலும் கேட்கிறோம். அதற்குள் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. பிழை நடந்தது என்பது ஒன்று. அந்தப் பிழையால்தான் உயிர் போனது என்பது மற்றது. துயரத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நீதிமன்றமோ இரண்டையும் பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சாட்சி கேட்கும். இந்தப் பிரிப்பு இலங்கையில், இந்தியாவில், நாங்கள் வாழும் சுவிசில் எப்படி வந்து நின்றது என்பதே இந்த மாதப் பேச்சு.

எண்பதுகளில் இருபது வயதுப் பிள்ளைகளாக இங்கே வந்து இறங்கியவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டோம். பின்னர் கூப்பிட்டு எடுத்த தாய் தகப்பன்மார் எண்பதுகளில் இருக்கிறார்கள். கூரில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அல்லது இருந்துவிட்டு வந்திருக்கிறார்.

முதலில் கொழும்பு. இலங்கையில் வைத்தியக் கவனயீனம் என்று பேசத் தொடங்கினால் சட்டத்தரணிகள் எல்லோரும் முதலில் சொல்லும் வழக்கு பிரியானி சொய்சா எதிர் ரியன்சி அர்சகுலரட்ன. 1992இல் ஒரு சிறு பெண்பிள்ளைக்கு நடை தள்ளாடத் தொடங்கியது. பெற்றோர் பேராசிரியர் பிரியானி சொய்சாவிடம் கொண்டு போனார்கள். குழந்தை வைத்தியத்தில் அந்த நாட்டிலேயே பெரிய பெயர் அவருடையது. வாதக் காய்ச்சலோடு தொடர்புபட்ட நரம்பு நோய் என்று அவர் கணித்துச் சிகிச்சை செய்தார். பிறகு எடுத்த சி.ரி. ஸ்கானில் மூளைத்தண்டில் கட்டி தெரிந்தது. அந்த ஆண்டே பிள்ளை இறந்துபோனது. தகப்பனார் ஒரு சட்டத்தரணி. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் கவனயீனம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, தொகையை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் அதற்கு மேலே வேறொன்று இல்லை. இந்தியாவில் அதே பெயர் ஒரு படி கீழே. பத்திரிகை வாசிக்கும்போது இதில் குழம்பாதிருங்கள்.) பேராசிரியர் கவனயீனமாக நடக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் கவனயீனம் இருந்தது என்றே கண்டது. ஆனால் அந்தக் கட்டி மாற்ற முடியாத கட்டி. நேரத்தோடு கண்டுபிடித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்றோ, கவனயீனம்தான் சாவைக் கொண்டுவந்தது என்றோ தகப்பனார் நிரூபிக்கவில்லை என்பது தீர்ப்பு.

இரண்டாவது தடையும் ஒன்று இருந்தது. அது எங்கள் ஊர்க் கோட்டையோடு சம்பந்தப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் 1796இல் இலங்கையை விட்டுப் போனார்கள். கோட்டையை விட்டுப் போனது போலவே சட்டத்தையும் விட்டுப் போனார்கள். ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி கவனயீனத்தால் வந்த சாவுக்குக் கேட்கக்கூடியது பண இழப்பை மாத்திரமே. உழைத்துப் போட்டவர் இறந்தால் அந்த உழைப்புக்குக் கணக்குப் பார்க்கலாம். சின்னப் பிள்ளையும் வயது போன தாயும் உழைத்துப் போடுவதில்லை. ஆகவே கணக்கில் அவர்கள் வெறும் பூச்சியம். பாசத்துக்கும் துணைக்கும் அந்தச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. ரோமாபுரியில் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அடிமையையும் ஆடு மாட்டையும் கொன்றவனிடம் விலை வாங்கப் போட்ட சட்டத்தின் பேரப்பிள்ளை அது, வேறு எப்படி இருக்கும்! இந்த ஓட்டையை அடைக்க 2019 வரை போனது. அந்த ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம்தான் அன்பும் துணையும் இழந்ததற்கும் குடும்பத்தவர் நட்டஈடு கேட்கலாம் என்று வழி திறந்தது.

இந்திய வழக்கு இன்னும் எங்கள் வீட்டுக்குக் கிட்டவானது, ஏனெனில் அங்கே கட்டிலில் கிடந்தவர் ஒரு தகப்பன். 1995 பெப்ரவரி 15இல் பஞ்சாபின் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். 22ஆம் திகதி இரவு 11 மணியளவில் மூச்சு முட்டியது. அறையில் இருந்த மூத்த மகன் தாதியைக் கூப்பிட்டார். இருபது, இருபத்தைந்து நிமிடமாக வைத்தியர் எவரும் வரவில்லை என்பது குடும்பத்தின் முறைப்பாடு. வந்து ஒட்சிசன் சிலிண்டரைப் பூட்டினால், அது வெறும் சிலிண்டர். மகன் பக்கத்து அறைக்கு ஓடிப்போய் வேறொன்றைத் தூக்கி வந்தார். அதைப் பூட்ட வழியில்லாமல் இன்னும் ஐந்தாறு நிமிடம் போனது. தகப்பன் இறந்துவிட்டார்.

பிள்ளைகள் பொலிசுக்குப் போனார்கள். கவனயீனத்தால் மரணம் விளைவித்தது என்று வைத்தியர்மேல் குற்றவியல் வழக்குப் பதியப்பட்டது. ஜேக்கப் மத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற பெயரில் அது டில்லி உச்ச நீதிமன்றம் வரை போய், 2005 ஓகஸ்ட் 5இல் தள்ளுபடியானது. வைத்தியரைச் சிறைக்கு அனுப்பச் சாதாரணக் கவனயீனம் போதாது, மிக மோசமான கவனயீனம் வேண்டும் என்றது நீதிமன்றம். வேறொரு தகுதியான வைத்தியரின் சுதந்திரமான கருத்து இல்லாமல் வழக்குத் தொடர வேண்டாம், எடுத்த எடுப்பில் கைது செய்யவும் வேண்டாம் என்றும் சொன்னது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்கிறது: வெறும் சிலிண்டருக்கு மருத்துவமனை சிவில் சட்டப்படி பொறுப்பாகலாம். என் அபிப்பிராயம், அந்தக் குடும்பத்துக்குப் பத்து வருடம் போனது கதவு மாறித் தட்டியதால். கோபம் பொலிஸ் நிலையத்தின் பக்கம்தான் இழுக்கும். நட்டஈட்டுக் கதவு வேறு தெருவில் இருந்தது. அதை 1995 நவம்பர் 13இலேயே வி.பி. சாந்தா வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டிருந்தது. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது அந்தத் தீர்ப்பு.

சரி, சுவிசுக்கு வருவோம். இங்கேயும் ஒரு காலத்தில் வைத்தியர் பெரிய, பாரதூரமான பிழை விட்டால்தான் பொறுப்பு என்றொரு எண்ணம் நீதிமன்றங்களில் இருந்தது. 1987இல் லொசானில் இருக்கும் சமஷ்டி உயர் நீதிமன்றம் அதைக் கைவிட்டது. வைத்தியக் கலையின் விதியை மீறினால் போதும், பிழை பெரிதாக இருக்கத் தேவையில்லை என்றானது. எங்களில் பலர் அகதி முகாம்களில் பேட்டிக்குக் காத்திருந்த காலம் அது. அதற்குச் சற்று முன் 1981இல் சுவிஸ் நோயாளர் அமைப்பு, எஸ்.பி.ஓ., தொடங்கியது. 1982இல் எஃப்.எம்.எச். என்ற வைத்தியர் சங்கம், நீதிமன்றத்துக்குப் போகாமலே பிழையை ஆராயும் மதிப்பீட்டு நிலையத்தை அமைத்தது. வைத்தியரின் பிழையை வைத்தியரே பார்ப்பதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வைத்தியப் பிழையை வைத்தியர்தான் வாசிக்க முடியும் என்பதே என் சட்டத்தரணியின் பதில்.

2021இல் என் அப்பா, அப்போது 81 வயது, வேறொரு கன்ரோனில் தங்கச்சி வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அங்குள்ள வைத்தியசாலை ஒன்றில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்காக நிறுத்திய இரத்தம் ஐதாக்கும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கவில்லை. பதினோராம் நாள் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நான் கூருக்குத் திரும்பி ஒரு சட்டத்தரணியிடம் போனேன். கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றையே கேட்டார்: "கிராங்கன்கெஷிக்ட எங்கே?"

நோயாளியின் கோவையை ஜெர்மன் பாஷையில் அப்படித்தான் சொல்வார்கள். 'கெஷிக்ட' என்றால் வரலாறு, கதை என்றும் பொருள். வைத்தியரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்த அந்த வரலாற்றைக் கேட்டுப் பெறும் உரிமையை, 1993 யூலை 1இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கன்ரோன் சட்டங்களும் நோயாளிக்குக் கொடுத்தன. காரணம் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு நூற்று நாற்பது பக்கத்துக்கு மேல் வந்தது. தாதியர் எழுதியது, மாத்திரை அட்டவணை, ஒரு வார்ட்டிலிருந்து இன்னொரு வார்ட்டுக்கு மாற்றிய தாள், எல்லாம். மாற்றிய தாளில் அந்த மாத்திரைக்கு உரிய இடம் வெறுமையாக இருந்தது. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் எழுதிய குறிப்பு ஒன்றும் கண்ணில் பட்டது: ஆபத்துகள் விளக்கப்பட்டன, பேத்தி மொழிபெயர்த்தார். பேத்திக்கு அப்போது பதின்மூன்று வயது.

போதிய விளக்கம் கொடுத்துத்தான் சம்மதம் வாங்கினோம் என்பதை நிரூபிக்க வேண்டியவர் வைத்தியர். இது லொசான் நீதிமன்றத்தின் நிலையான கருத்து. தமிழும் அடங்கலாகத் தொலைபேசியில் மொழிபெயர்க்கும் தேசிய சேவை 2011இல் தொடங்கியிருக்க, ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் 'எம்போலி' என்ற சொல்லைத் தமிழில் சொல்லச் சொன்னது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. ஆனால் விளக்கியிருந்தாலும் நோயாளி சம்மதித்துத்தான் இருப்பார் என்று வைத்தியசாலை வாதிடலாம் என்று சட்டத்தரணி எச்சரித்தார். முறிந்த இடுப்போடு யார்தான் வேண்டாம் என்பார்?

மதிப்பீட்டு அறிக்கை வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. மாத்திரையைத் தொடங்காதது பிழை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்தப் பிழையால்தான் பாரிசவாதம் வந்தது என்பது "மேலோங்கிய சாத்தியம்" என்ற அளவை எட்டவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். வயதும், ஏற்கெனவே இருந்த சீரற்ற இதயத் துடிப்பும் காரணம். கொழும்புத் தீர்ப்பு அப்படியே என் கண் முன் வந்தது. தப்பும் வாய்ப்பு குறைந்துபோனதற்காவது ஒரு பங்கு நட்டஈடு தரலாம் என்ற கோட்பாடு பிரான்சில் உண்டு. 2007இல் அந்தக் கேள்வி லொசானுக்கு வந்தபோது அந்த நீதிமன்றம் அதை ஏற்க முன்வரவில்லை. எங்கள் விடயம் அங்கேயே நின்றது. செலவின் பெரும் பகுதியை, விபத்துக்கு முன்பே எடுத்து வைத்திருந்த சட்டப் பாதுகாப்புக் காப்புறுதி கட்டியது. காப்புறுதி இல்லாத, வசதி குறைந்த ஒருவர், வெல்ல வாய்ப்பு இருக்கும் வழக்குக்கு அரசின் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். அது சமஷ்டி அரசியலமைப்பின் 29ஆம் உறுப்புரையில் இருக்கும் உரிமை.

காலக்கெடுவைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். 2020 சனவரி 1இலிருந்து, உடல் காயத்துக்கும் சாவுக்கும் விடயம் தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம், சம்பவ நாளிலிருந்து ஆகக்கூடியது 20 வருடம். பொது வைத்தியசாலை என்றால் கன்ரோனின் பொறுப்புச் சட்டம் வேறு கெடு வைத்திருக்கலாம். ஆகவே முதல் சந்திப்பிலேயே அதைக் கேளுங்கள். கவனயீனத்தால் சாதாரண காயம் என்று குற்ற முறைப்பாடு செய்வதானால் 3 மாதம் மட்டுமே.

நோயாளி இறந்தபின் கோவை கிடைப்பது கடினம். வைத்தியரின் இரகசியக் கடமை சாவோடு முடிவதில்லை. பிள்ளை என்ற உரிமையில் கோவை தானாகக் கைக்கு வராது, வைத்தியரை அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கும்படி கன்ரோன் அதிகாரிகளிடம் விண்ணப்பிக்க வேண்டும். உயிரோடு இருந்து முடிவெடுக்க இயலாமல் போனாலும் மூத்த மகன் என்பதற்கு இங்கே தனி இடம் கிடையாது. 2013 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், நோயாளி தானே எழுதி நியமித்தவரை முதலில் பார்க்கிறது. வாழ்க்கைத் துணை அதன் பின். பிள்ளைகள் அதற்கும் பின், அதுவும் ஒழுங்காக வந்து பார்த்துத் துணைசெய்யும் பிள்ளைகள். அப்பாவுக்கு வலது கை நல்லாயிருந்தபடியால், புனர்வாழ்வு நிலையத்தில் இருந்தபோதே தங்கச்சியின் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். என்னுடைய பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டேன். "நீ கூரிலை எல்லோ இருக்கிறாய்" என்றார்.