துப்பறியும் நாடகங்கள், பாய்ஸ் கம்பெனி காலம்

மதுரையின் சிறுவர் நாடகக் குழுக்கள் 1920, 1930களில் மேடையேற்றிய கொலை, மர்மக் கதைகள். பெரும்பாலும் அக்கால நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பாட்டும் புராணமுமே ஆட்சி செய்தன. விடிய விடிய வள்ளி, கோவலன் நாடகங்கள்தான்.

இத்தகைய மேடையில் கோட்டும் தலைப்பாகையுமாகத் துப்பறிவாளன் ஏறியதற்குப் பெருங்காரணம் நாடக ஆசிரியர் எம். கந்தசாமி முதலியார். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ (1908), ‘சந்திரகாந்தா’ முதலிய நாவல்களை அவர் வசன நாடகங்களாக்கினார். ராகத்தில் நீட்டிப் பழகிய பையன்கள் இங்கே பேச்சைச் சட்டென்று வெட்டி நிறுத்தக் கற்றார்கள். தமிழ் நடிப்புக்கு அது பெரிய திருப்பம். அதற்குரிய மதிப்பு முதலியாருக்கு இன்னும் கிடைக்கவில்லை. இந்நாடகங்களில் கதாநாயகியும் பையன்தான். மகரக்கட்டு, அதாவது சிறுவயதுக் குரல், உடைந்ததும் சேலையைக் கழற்றிவைத்து வேறு வேடம் தேட வேண்டும்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ டி.கே.எஸ். சகோதரர்களின் மேடையிலிருந்து 1935இல் படமானது, நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன் அதில் திரைக்கு வந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி. யு. சின்னப்பா, 1936இல் ‘சந்திரகாந்தா’ படத்தில் சுண்டூர் இளவரசரானார்.

நிஜக் கொலை ஒன்றும் இவ்வுலகைத் தொட்டது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிறை சென்ற கிருஷ்ணனும் நடிகர் தியாகராஜ பாகவதரும் 1947இல் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை.