லண்டன் சத்திரமும் ஒரு மிஸ்ஸின் ஆவியும்

போன இதழில் சி பிளாக் பிள்ளைகள் எழுதிய "ஜெனரேட்டர் அறைப் பேய்" கட்டுரையைப் படித்திருப்பீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் பேஸ்மென்ட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பெரியவர்களே எழுதியிருந்தார்கள். அவர்கள் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள், நான் பார்த்துவிட்டு வந்த ஓர் இடத்தைப் பற்றி உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் பேய் உண்டு. பேயைவிடச் சுவையான வரலாறும் உண்டு.

மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது, லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கி நாலு நிமிடம் நடந்தோம். பரோ ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு குறுகலான வாசல். உள்ளே நுழைந்தால் கல் பாவிய முற்றம். ஒரு பக்கம் முழுக்க மரத்தாலான பழைய கட்டடம், அதில் மேலும் கீழுமாக இரண்டு மர நடைக்கூடங்கள். நம் பிளாக்குகளில் வீட்டு வாசல்களை இணைக்கும் காமன் காரிடார் மாதிரியேதான். அறைக் கதவைத் திறந்தால் முற்றத்தைப் பார்த்த நடை. இதன் பெயர் ஜார்ஜ் இன். குதிரைக் கோச்சு வண்டிகள் வந்து நின்ற சத்திரம். இப்படி நடைக்கூடம் வைத்துக் கட்டிய சத்திரங்களில் லண்டனில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

ஏன் இந்தத் தெருவில் சத்திரம் என்று கேட்பீர்கள். 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை, நகரின் மையப் பகுதியில் தேம்ஸ் நதியைக் கடக்க லண்டன் பாலம் ஒன்றைத்தான் நம்பியிருந்தார்கள். இரவில் பாலத்தின் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். தெற்கேயிருந்து இருட்டிய பிறகு வந்து சேர்ந்தவர் இக்கரையில் சதர்க் பகுதியில் தங்கியே ஆக வேண்டும். அதனால் இந்தத் தெருவில் வரிசையாகச் சத்திரங்கள். ஜான் ஸ்டோ என்பவர் 1598இல் லண்டனைப் பற்றி எழுதிய நூலில் அவற்றை அடுக்கிச் சொல்கிறார், ஜார்ஜும் அதில் இருக்கிறது. பக்கத்து வாசல் டாபர்ட் சத்திரம். சாசரின் கான்டர்பரி யாத்திரிகர்கள் புறப்பட்டது அங்கிருந்துதான்.

1676இல் சதர்க்கில் பெருந்தீ. டாபர்டும் ஜார்ஜும் எரிந்துபோயின. அடுத்த ஆண்டே ஜார்ஜைத் திரும்பக் கட்டினார்கள். இன்று நீங்கள் பார்ப்பது அந்த 1677 கட்டடம். இங்கே உட்கார்ந்து ஷேக்ஸ்பியர் குடித்தார் என்று யாராவது உங்களிடம் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். அவர் இறந்தது 1616இல். அவர் வந்திருந்தாலும், வந்தது எரிந்துபோன கட்டடத்துக்கு.

கோச்சு வண்டிகளின் பொற்காலம் 1784இல் தொடங்கியது. ஜான் பாமர் என்பவரின் யோசனைப்படி, அந்த ஆகஸ்டில் பிரிஸ்டலிலிருந்து மாலை 4 மணிக்குப் புறப்பட்ட தபால் வண்டி மறுநாள் காலை 8 மணிக்கு லண்டன் வந்து சேர்ந்தது. அன்றைக்கு அது அதிசய வேகம். சுமார் பத்து மைலுக்கு ஒரு முறை குதிரைகளை மாற்றினால்தான் அந்த வேகம் கிடைக்கும். வண்டிக் காவலர் தூரத்திலிருந்தே கொம்பு ஊதுவார். சுங்கச்சாவடிக்காரர் கதவைத் திறந்து வைக்க வேண்டும், தபால் வண்டிக்குச் சுங்கம் கிடையாது. சத்திரத்துக் குதிரைக்காரர் புதுக் குதிரைகளை முற்றத்தில் தயாராக நிறுத்தியிருக்க வேண்டும். சில நிமிடங்களில் சேணம் மாற்றி வண்டி கிளம்பிவிடும். இரவெல்லாம் குளம்புச் சத்தம், கொம்புச் சத்தம், லாந்தர் வெளிச்சம். சத்திரத்துக்கு உறக்கமே கிடையாது.

வண்டிக்கு உள்ளே நான்கு பேர்தான். காசு குறைந்தவர்களுக்கு கூரைமேல் இடம். 1812 மார்ச்சில் பாத் நகருக்குப் போன கோச்சு சிப்பன்ஹாமில் வந்து நின்றபோது, கூரைமேல் இருந்த இரண்டு பேர் குளிரில் விறைத்து இறந்து கிடந்தார்கள். பழைய சத்திரங்களில் ஆவி உலவுவதாகச் சொல்கிறார்களே, அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்த முற்றங்களில் நிஜமாகவே சாவு வந்து இறங்கியிருக்கிறது.

கார்ன்வாலில் பாட்மின் மூர் என்ற பொட்டல்வெளியில் ஜமைக்கா இன் என்று இன்னொரு கோச்சு சத்திரம் உண்டு. 1750இல் கட்டியது. அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். ஓர் அந்நியர் பீர் குடித்துக்கொண்டிருக்கிறார். வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள். குவளையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் பொட்டலில் பிணமாகக் கிடந்தார். அந்த மிச்சத்தைக் குடித்து முடிக்க இன்னும் வருகிறாராம். ஆளே இல்லாத முற்றத்தில் நள்ளிரவில் குளம்புச் சத்தமும் கேட்கிறதாம். டாஃப்னே டு மோரியே 1936இல் அதே பெயரில் நாவல் எழுதிய பிறகு அந்த இடத்துக்கு உலகப் புகழ். இன்றைக்குப் பேய் அங்கே நல்ல வியாபாரமும்கூட.

ஜார்ஜின் பேய் அப்படி இல்லை. கொலை இல்லை, ரத்தம் இல்லை. அதைச் சொல்ல நான் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1836இல் லண்டன் பிரிட்ஜ் நிலையம் திறந்தது. லண்டனின் மிகப் பழைய ரயில் முனையங்களில் ஒன்று அது, ஜார்ஜுக்கு நாலு நிமிட நடை. 1841இல் பிரிஸ்டல்வரை ரயில் போனது. பதினாறு மணி நேரப் பயணம் நாலு மணி நேரமாகிவிட்டது. கோச்சு போனது, குதிரை போனது, குதிரைக்காரரும் போனார். 1874இல் கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி ஜார்ஜை விலைக்கு வாங்கி, சரக்குக் கிடங்குக்குப் பயன்படுத்தியது. 1889இல் முற்றத்தின் மூன்று பக்கங்களில் இரண்டை இடித்தது. அதே காலத்தில் பக்கத்து ஒயிட் ஹார்ட்டும் போயிற்று. டிக்கன்ஸின் நாவலில் பிக்விக் முதன்முதலாக சாம் வெல்லரைச் சந்தித்தது அந்த முற்றத்தில்தான்.

மிஞ்சிய தெற்குப் பக்கத்தைச் சத்திரமாக நடத்தி வந்தவர்கள் மர்ரே குடும்பத்துப் பெண்கள். 1930களின் முற்பகுதிவரை மிஸ் மர்ரேதான் அங்கே எல்லாம். விடியற்காலையில் அறை அறையாகப் போய்வரும் பெண் உருவம் அவர்தான் என்று சொல்கிறார்கள். அவருக்கு இயந்திரங்களைக் கண்டால் ஆகாதாம். புதிதாகக் கணினி, பில் போடும் மெஷின் எது வந்தாலும் கோளாறாக்கிவிடுவாராம்.

நான் இதை நம்புகிறேனா என்று என் மகளும் கேட்டாள். மெஷின் கெட்டதற்குக் காரணம் ஈரமோ பழைய ஒயரிங்கோவாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கதையைக் கட்டியவர் யாராக இருந்தாலும் அவருக்கு அந்த வீட்டின் வரலாறு தெரிந்திருக்கிறது. ஒரு நீராவி இயந்திரம் வந்து அந்தச் சத்திரத்தின் தொழிலைத் தின்றது, பிறகு சுவர்களையும் தின்றது. அதே ரயில் கம்பெனிக்கு வாடகைக் குடியாக இருந்துகொண்டு மிச்சத்தைக் காத்தவர் மிஸ் மர்ரே. அவருக்கு இயந்திரத்தின்மேல் கோபம் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

1937இல் ரயில் கம்பெனி கட்டடத்தை நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இப்போது அது பாதுகாக்கப்பட்ட கட்டடம், உள்ளே மதுக்கூடமும் உணவகமும் நடக்கின்றன.

உள்ளே சுவரில் ஒரு பெரிய வட்டக் கடிகாரம் இருக்கிறது, பார்க்காமல் வந்துவிடாதீர்கள். 1797இல் இங்கிலாந்து அரசு, வீட்டுக் கடிகாரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 ஷில்லிங் வரி போட்டது. ஜனங்கள் கடிகாரத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுச் சத்திரத்தில் போய் மணி பார்த்தார்களாம். அடுத்த ஆண்டே வரியை ரத்து செய்துவிட்டார்கள். (நம் சங்கத்துப் பொருளாளர் இந்தப் பத்தியைப் படித்துப் புது யோசனை எதுவும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

லண்டன் போகிறவர்கள் முற்றத்தைச் சும்மா நுழைந்து பார்க்கலாம், கட்டணம் இல்லை. நாங்கள் போனது ஒரு மழை நாள் மாலை. எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு நடைக்கூடத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தோம். காசு கொடுக்கப் போன மகள் அட்டையை மூன்று முறை தட்டியும் மெஷின் எடுக்கவில்லை. கடைசியில் என் கைப்பையில் இருந்த நோட்டைக் கொடுத்துத்தான் வெளியே வந்தோம்.