கணக்கில் ஏறாத பீடித் தட்டு

1971 மார்ச்சில் ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு வாத்தியார்களை அனுப்பினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். எனக்கு விழுந்ததும் எங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருக்களும்தான்.

ஒவ்வொருவருக்கும் முக்கிய வேலை என்ன என்று கேட்டு எழுத வேண்டும். திண்ணையில் இருக்கும் ஆம்பிளைதான் பதில் சொல்வார். "அவ வீட்டுலதான் இருக்கா சார்." அவர் சொல்லும்போதே உள்ளே அந்த அம்மாள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டிக்கொண்டிருப்பாள். காலையில் சோறு பொங்கி இறக்கியதும் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அதுதான். அந்தக் கூலியில்தான் பல வீடுகளில் அரிசி வாங்கினார்கள். நான் "வீட்டு வேலை" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். இரண்டாவது வேலை என்று இன்னொரு கேள்வியும் இருந்தது. அதை எல்லா வீட்டிலும் கேட்டேனா என்றால், இல்லை. அம்மாவுக்கும் அப்படியே எழுதினேன். அவளும் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

விசாரித்து வேலை என்றே எழுதியவர்களிடமும் குழப்பம் தீரவில்லை. வீட்டில் உட்கார்ந்து கடைக்காரர் கொடுத்த இலையைச் சுற்றுவது வீட்டுத் தொழிலா, வெளித் தொழிலா? பக்கத்துத் தெருக்காரர் ஒரு மாதிரி எழுதினார், நான் வேறு மாதிரி எழுதினேன்.

வேடிக்கை என்னவென்றால், 1966-லேயே பீடித் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. முதலாளியிடமோ காண்டிராக்டரிடமோ இலை, தூள் வாங்கி வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று அதில் தெளிவாக இருந்தது. சட்டத்தில் தொழிலாளியாக இருந்தவள் ஐந்து வருஷம் கழித்து என் தாளில் வெறும் குடும்பப் பெண்.

ரிட்டயர் ஆன பிறகுதான் மொத்தக் கணக்கைப் பார்த்தேன். 1961-ல் நாட்டில் 100 பெண்களில் சுமார் 28 பேர் உழைப்பாளிகள். 1971-ல் சுமார் 12! பத்து வருஷத்தில் பாதிப்பேருக்கு மேல் வேலையை விட்டுவிட்டார்களா? 61-ல் பருவ வேலையென்றால், பருவத்தின் பெரும்பகுதியில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்தாலே உழைப்பாளி. 71-ல் அதுவே முக்கிய வேலையாக இருக்க வேண்டும் என்றார்கள். அடுப்படி இருக்கும் வீட்டில் எந்தப் பொம்பளைக்கு வேறு வேலை முக்கியம் என்று சொல்வார்கள்? இரண்டு வருஷத்துப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இந்தத் தொழில் தேய்ந்தது, அந்தத் தொழில் வளர்ந்தது என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

1981-ல் மறுபடியும் போனேன். இந்த முறை முதலில் கேட்டதே, போன வருஷத்தில் எப்போதாவது வேலை செய்தீர்களா என்றுதான். 183 நாளுக்குக் குறைந்தாலும் குறைவேலைக்காரர் என்று தனியாக ஒரு வகை உண்டு. 100-க்கு சுமார் 20 என்று ஏறியது. எங்கள் தெருவில் போன தடவை நான் விட்டவர்களில் பாதிப்பேராவது ஏறினார்கள்.

அம்மா ஏறவில்லை. கண் மங்கி அவள் தட்டை இறக்கி வைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தடவை அவளுக்கு வேலை இல்லை என்று எழுதியது சரியான கணக்குதான்.