பாக்கியும் கவுண்டர் ஆஃபரும்

சொந்த ஊரிலிருந்து திங்கள் விடியலில் சென்னைக்குப் பஸ் ஏறும் ஐ.டி. இளைஞர்களின் பேச்சில் அடிக்கடி வரும் கேள்வி இது: “பேப்பர் போட்டா கம்பெனி கவுண்டர் ஆஃபர் கொடுக்குமா?” போகிறேன் என்பவரைக் கூடுதல் பணம் தந்து நிறுத்திக்கொள்வது கணினித் துறை கொண்டுவந்த வழக்கம்போலத் தோன்றும். ஆனால் குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களில் இதன் மூத்த உறவு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பாக்கி.

தறி ஓட்ட வருபவருக்கு முதலாளி முன்பணம் தருகிறார். பெரும்பாலும் வட்டி கிடையாது. கணக்கு நோட்டில் பெயருக்கு நேரே தொகை ஏறும். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் இன்னும் ஏறும். வேலையில் இருக்கும்வரை முழுத்தொகையையும் கேட்டு நெருக்குவதில்லை. வேறு கூடத்துக்குப் போகிறேன் என்ற நாளில் அத்தனையையும் எண்ணி வைக்க வேண்டும். கையில் பணம் இருக்காது. ஆகவே புது முதலாளி பழைய பாக்கியை அடைக்கிறார். கடன் ஆளோடு சேர்ந்து அடுத்த கூடத்துக்கு நகர்கிறது. குமாரபாளையத்தில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நேவ், 1999இல் வெளியான கட்டுரையில் இதன் இரு முகங்களையும் காட்டினார். கட்டிப்போடத் தந்த பணமே, ஆள் தட்டுப்பாட்டில் தொழிலாளி பேரம் பேசவும் உதவியது.

ஐ.டி.யில் கதை வேறு உடையில் நடக்கிறது. ராஜினாமா மெயில் போனதும் மேலாளர் கூப்பிடுகிறார்: “என்னப்பா, என்ன எதிர்பார்க்கிறே?” பாதியில் நிற்கும் ப்ராஜெக்ட்டும், பெயர் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளரும் இருந்தால் சம்பள உயர்வோ ரிடென்ஷன் போனஸோ வரும். ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவருக்கு அந்த அழைப்பு வருவது அரிது. காலமும் முக்கியம். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் வெளியேறுவோர் விகிதம் 28.4 சதவீதம், 2024 மார்ச்சில் 12.6. ஆள் ஓடும் காலத்தில் பேரம் பலிக்கும், ஓடாத காலத்தில் “சரி, போ” என்பார்கள்.

ஒற்றுமை இங்கேதான் கண்ணில் படுகிறது. பல ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத புது நிறுவனம், மிச்ச நாட்களுக்கான பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்கிறது. பழைய பாக்கியைப் புது முதலாளி அடைப்பதற்கும் இதற்கும் வேலை ஒன்றே. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் ரிடென்ஷன் போனஸ், நோட்டில் ஏறிய பாக்கியேதான்.

வேற்றுமை அதைவிடப் பெரிது. பாக்கி கூலியைக் கூட்டுவதில்லை, கடனைத்தான் கூட்டுகிறது. மாதச் சம்பளத்தில் சேரும் உயர்வு திருப்பித் தர வேண்டிய பணம் அல்ல. அடுத்த வேலைக்கான பேச்சும் அந்தத் தொகையிலிருந்தே தொடங்கும். ஐ.டி. ஊழியர் 90 நாளில் வெளியே வரலாம். தறிக்காரருக்கு அப்படி ஒரு கெடு இல்லை. கடனுக்காக உழைப்பைக் கட்டிப்போடுவதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் குடும்பச் செலவுக்கு வேறு கதி இல்லாத வீட்டில் பாக்கி வாங்காமல் இருப்பது எளிதல்ல. அந்த வீட்டுக்கு முதலில் வேண்டியது பாக்கி அல்ல, கட்டுப்படியாகும் கூலி.

ஆகவே, நிறுத்திக்கொள்ளத் தரும் பணத்தை எடைபோட ஒரே அளவுகோல் போதும்: அது சம்பளமா, கடனா? சம்பளமாக வந்தால் மரியாதை. கடனாக வந்தால், எவ்வளவு பெரிய தொகையானாலும் கட்டு. கையெழுத்திட்ட நிபந்தனையை லேசாக எண்ணவும் கூடாது. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் விதி செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கவுண்டர் ஆஃபர் வந்தால் மூன்றைக் கேளுங்கள். உயர்வு மாதச் சம்பளத்தில் சேருமா? எழுத்தில் தருவார்களா? விலகினால் திருப்பித் தர வேண்டுமா? முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: ராஜினாமாக் கடிதம் வந்த பிறகு கண்டுபிடிக்கும் பணம் அதற்கு முன்பும் உங்களிடம் இருந்தது. அதை முன்பே கொடுங்கள்.