அழிக்கப்பட்ட நாடாக்கள், தப்பிய பாடல்கள்: ஐரோப்பியத் தொலைக்காட்சியின் பொப் இசை ஆவணங்கள்

1966 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் திகதி, வியாழக்கிழமை. இசைக்குழுக்களுள் அன்று உலகப் புகழின் உச்சியில் இருந்த பீட்டில்ஸ், லண்டனில் உள்ள பிபிசி கலையகத்துக்கு வந்து ‘டொப் ஒஃப் த பொப்ஸ்’ நிகழ்ச்சியில் நேரடியாகத் தோன்றியது. அந்த நிகழ்ச்சியின் 42 ஆண்டுகால வரலாற்றில் பீட்டில்ஸ் கலையகத்திலிருந்து நேரடியாகத் தோன்றியது அந்த ஒருமுறை மட்டும்தான். பிரித்தானியா முழுவதும் பார்த்த அந்த ஒளிபரப்பின் பதிவு இன்று பிபிசியிடம் இல்லை. 2019 இல் கிடைத்ததெல்லாம், யாரோ தமது வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் 8 மில்லிமீற்றர் கமராவைப் பிடித்துப் படமாக்கிய, ஒலியே இல்லாத சிறு துண்டுகள்தான்.

போர் நடக்காத, வெள்ளமோ தீயோ தொடாத, பணமும் தொழில்நுட்பமும் இருந்த ஒரு நாட்டின் மிகப்பெரிய ஒலிபரப்பு நிறுவனத்தில் இது நடந்தது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் வெளியான பொப் இசை நிகழ்ச்சிகளில் எவை எஞ்சியுள்ளன, மற்றவை ஏன் அழிக்கப்பட்டன, எஞ்சியவை எவ்வாறு தப்பின என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

எவ்வளவு எஞ்சியுள்ளது?

‘டொப் ஒஃப் த பொப்ஸ்’ 1964 ஜனவரி 1 ஆம் திகதி மன்செஸ்டர் நகரில், கலையகமாக மாற்றப்பட்ட பழைய தேவாலயம் ஒன்றிலிருந்து ஆரம்பமானது. வாரந்தோறும் விற்பனையில் முன்னிற்கும் பாடல்களை அவற்றைப் பாடியவர்களே வந்து பாடிக்காட்டும் நிகழ்ச்சி அது. 2006 ஜூலை வரை வாராவாரம் தொடர்ந்தது. 1964 முதல் 1973 வரை ஒளிபரப்பான முதல் 500 நிகழ்ச்சிகளில் முழுமையாக எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 20 மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை 1969 க்குப் பிந்தியவை. 1977 செப்டெம்பர் 8 ஆம் திகதி ஒளிபரப்பான நிகழ்ச்சியே முழுதாகத் தொலைந்துபோனவற்றுள் கடைசி.

அதற்கு முன்னரே, 1963 ஓகஸ்ட் 9 இல், ‘அசோசியேட்டட் ரெடிஃபியூஷன்’ என்ற தனியார் தொலைக்காட்சி நிறுவனம் ‘ரெடி ஸ்டெடி கோ!’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் இளைஞர்களைத் தொலைக்காட்சிக்கு முன் அமர வைத்த நிகழ்ச்சி அது. 1966 டிசெம்பரில் முடிவடைந்த அந்தத் தொடரிலும் சிறு பகுதியே கைவசம் உள்ளது. அமெரிக்காவின் மோடவுன் பாடகர்களைப் பிரித்தானிய ரசிகர்களிடம் கொண்டுசென்ற 1965 ஆம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியும், ஓடிஸ் ரெடிங் பாடிய 1966 ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் தப்பியவற்றுள் அடங்கும்.

ஏன் அழித்தார்கள்?

அழித்தவர்களிடம் கெட்ட நோக்கம் எதுவும் இருக்கவில்லை. அன்றாட அலுவலக நடைமுறையின் ஒரு பகுதியாகவே அது நடந்தது. அதன் பின்னால் ஐந்து காரணங்கள் இருந்தன.

முதலாவது, நாடாவின் விலை. தொலைக்காட்சிப் படத்தைக் காந்த நாடாவில் பதியும் இயந்திரத்தை அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனம் 1956 இல் அறிமுகப்படுத்தியது. 2 அங்குல அகலம் கொண்ட அந்த நாடா மிகுந்த விலை கொண்டது. ஆனால் பதிந்ததை அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு, சென்ற வாரப் பாடல்கள் நிறைந்த நாடா, அடுத்த வாரத்துக்கான வெற்று நாடாவாகவே தெரிந்தது.

இரண்டாவது, தொழிற்சங்க ஒப்பந்தங்கள். பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பினால் தமக்குப் புதிய வேலை கிடைக்காது என்று நடிகர்களும் இசைக்கலைஞர்களும் அஞ்சினர். ஆகவே மறுஒளிபரப்புகள் ஒப்பந்தங்களால் கட்டுப்படுத்தப்பட்டன. மீண்டும் காட்ட முடியாத ஒன்றை வைத்திருந்து என்ன பயன் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

மூன்றாவது, வர்ணத் தொலைக்காட்சியின் வருகை. பிபிசியின் முதலாவது அலைவரிசை 1969 நவம்பரில் வர்ணத்துக்கு மாறியது. அதன்பின் கறுப்பு வெள்ளைப் பதிவுகளை வாங்கவோ பார்க்கவோ எவரும் முன்வரமாட்டார்கள் என்று கருதப்பட்டது. வீடுகளில் வீடியோ இயந்திரம் வரும், பழைய நிகழ்ச்சிகளை மக்கள் பணம் கொடுத்து வாங்குவார்கள் என்பதை அன்று கணக்கில் எடுக்கவில்லை.

நான்காவது, பொறுப்பு யாருடையது என்ற குழப்பம். பிபிசியில் படச்சுருள்களைப் பாதுகாக்க நூலகம் ஒன்று இருந்தது. ஆனால் வீடியோ நாடாக்கள் பொறியியல் பிரிவின் கையில் இருந்தன. நாடாவில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்த்து ‘இதை வைத்திருங்கள்’ என்று சொல்லும் பொறுப்பு எவருக்கும் வழங்கப்பட்டிருக்கவில்லை. எவற்றைக் காப்பது என்று தெரிவு செய்வதற்கென்றே ஓர் அலுவலரை பிபிசி நியமித்தது 1970களின் இறுதியில்தான்.

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஒரு மதிப்பீடு. நாடகமும் அரசியல் உரையும் வரலாறு. பதின்ம வயதினர் ஆடிப் பாடும் நிகழ்ச்சி வெறும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவலாக இருந்தது.

தப்பியவை எவ்வாறு தப்பின?

பிரித்தானியாவில் எஞ்சியவற்றுள் சில தற்செயலாகவே எஞ்சின. 1965 இல் பீட்டில்ஸ் குழு ‘டிக்கெட் டு ரைட்’ பாடலை ‘டொப் ஒஃப் த பொப்ஸ்’ நிகழ்ச்சிக்காக முன்கூட்டியே பதிவுசெய்து கொடுத்தது. அந்தப் பதிவும் அழிந்துவிட்டது. ஆனால் அதே ஆண்டு மே மாதம் ஒளிபரப்பான ‘டொக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொடரில், காலத்தைக் கடந்து பார்க்கும் இயந்திரம் ஒன்றின் திரையில் காட்டுவதற்காக, அப்பாடலில் இருந்து அரை நிமிடத்துக்கும் குறைவான ஒரு துண்டைச் சேர்த்திருந்தார்கள். அந்த அத்தியாயம் தப்பியதால் அந்தத் துண்டும் தப்பியது.

வேறு சில, தனிமனிதர்கள் தம் தேவைக்காக வைத்திருந்ததால் கிடைத்தன. 1973 ஜனவரி 4 ஆம் திகதி டேவிட் போவி ‘த ஜீன் ஜீனி’ பாடலைப் பாடிய நிகழ்ச்சி அழிக்கப்பட்டிருந்தது. அன்று கமராவை இயக்கியவர்களுள் ஒருவரான ஜோன் ஹென்ஷோல், தாம் உருவாக்கிய அகன்ற கோண வில்லை ஒன்றை அந்தப் பாடலில் பயன்படுத்தியிருந்தார். தமது வேலையைப் பிறருக்குக் காட்டுவதற்காக அந்தப் பகுதியின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். ஏறத்தாழ 39 ஆண்டுகளின் பின்னர், 2011 டிசெம்பரில், அது மீண்டும் ஒளிபரப்பானது. உலகில் வேறெங்கும் அதன் பிரதி இல்லை என்பது அவ்வளவு காலமும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்படி வெளிவருபவற்றைத் தேடித் திரட்டுவதற்கு பிரித்தானியத் திரைப்பட நிறுவகம் 1993 முதல் ‘தொலைந்தது, அழிந்ததென நம்பப்படுவது’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தை நடத்திவருகிறது. 1970களில் வீட்டு வீடியோ இயந்திரம் வைத்திருந்த சிலரின் பதிவுகளும், தொலைக்காட்சியின் ஒலிபெருக்கிக்கு அருகே ஒலிவாங்கியை வைத்து ரசிகர்கள் பதிந்த ஒலிநாடாக்களும் இத்தகைய தேடல்களுக்கு உதவியுள்ளன.

பொறுப்பு வகுக்கப்பட்ட இடங்கள்

பிரான்ஸ் வேறு வழியில் சென்றது. அரச ஒலி, ஒளிபரப்பு நிறுவனம் 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்று ஆவணங்களைக் காப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. ‘இனா’ என்று அழைக்கப்படும் அந்தத் தேசிய நிறுவனம் 1975 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அச்சிடப்படும் நூலின் பிரதி தேசிய நூலகத்துக்குச் செல்வதுபோல, வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் கட்டாயமாக ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்று 1992 இல் இன்னொரு சட்டம் சொன்னது. 2006 ஏப்ரலில் தனது சேகரிப்பின் ஒரு பகுதியை இணையத்தில் பொதுமக்களுக்கு அந்த நிறுவனம் திறந்துவிட்டது. டெனிஸ் கிளாசர் பாடகர்களை அமைதியாக நேர்கண்ட ‘டிஸ்கொராமா’, அல்பேர் ரெஸ்னர் நடத்திய ‘ஆஜ் தாந்ர்’ போன்ற 60களின் நிகழ்ச்சிகளில் இருந்து பல காட்சிகளை இன்று வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம்.

ஜேர்மனியின் சிறிய பொது ஒலிபரப்பு நிறுவனங்களுள் ஒன்றான ரேடியோ பிறேமன், 1965 செப்டெம்பர் முதல் 1972 டிசெம்பர் வரை ‘பீட் கிளப்’ என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. 83 நிகழ்ச்சிகள் வெளியாகின. ஊஷி நெர்க்கே தொகுத்து வழங்கினார். 1969 இன் இறுதியில் வர்ணத்துக்கு மாறியபின், இசைத்தட்டுக்கு வாயசைப்பதை விட்டு, குழுக்கள் கலையகத்தில் உண்மையாகவே வாசித்தன. இந்தத் தொடர் பெருமளவில் காக்கப்பட்டு, பின்னர் இறுவட்டுகளாகவும் வெளியானது. அக்கால ரொக் குழுக்களைப் பற்றிய ஆவணப்படங்கள் பலவற்றில் பிறேமன் கலையகக் காட்சிகளே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். பெரிய நாட்டின் பெரிய நிறுவனம் இழந்ததை ஒரு சிறிய நிலையம் உலகுக்காக வைத்திருந்தது.

நெதர்லாந்தில் 1970 முதல் 1988 வரை ஒளிபரப்பான ‘டொப்பொப்’ நிகழ்ச்சியின் காட்சிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்நாட்டின் ஒலிபரப்பு ஆவணங்கள் ஹில்வர்சம் நகரில் உள்ள ஒலி-ஒளி நிறுவகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

நாடா இருந்தும் பார்க்க முடியாத நிலை

ஒரு பதிவு தப்பிவிட்டால் மட்டும் அது மக்களிடம் வந்துவிடுவதில்லை. பாடலை எழுதியவர், பாடியவர், இசைத்தட்டு நிறுவனம், ஒளிபரப்பாளர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. மேலே சொன்ன ‘டொக்டர் ஹூ’ அத்தியாயம் வட அமெரிக்காவில் இறுவட்டாக வெளிவந்தபோது, பீட்டில்ஸ் தோன்றும் அந்தச் சிறு துண்டு உரிமைச் சிக்கலால் வெட்டப்பட்டது. தற்செயலாகத் தப்பிய காட்சி, சட்டத்தால் மீண்டும் மறைந்தது.

‘ரெடி ஸ்டெடி கோ!’ தொடரைத் தயாரித்த நிறுவனம் 1968 இல் தன் ஒளிபரப்பு உரிமத்தை இழந்தது. எஞ்சிய பதிவுகளின் உரிமையை 1980களில் வாங்கியவர், அந்நிகழ்ச்சியில் பாடிய இசைக்குழு ஒன்றின் தலைவரான டேவ் கிளார்க். 2018 இல் அது பிஎம்ஜி என்ற இசை நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஒரு தலைமுறையின் நினைவு இப்படித் தனியார் சொத்தாகவும் கைமாறுகிறது.

பொழுதுபோக்கு சாட்சியமாகும்போது

இந்தப் பதிவுகளுக்கு எவரும் எதிர்பாராத இன்னொரு பெறுமதியும் உண்டு. ‘டொப் ஒஃப் த பொப்ஸ்’ நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர் ஜிம்மி சவில். 2011 இல் இறக்கும்வரை அவர் பிரித்தானியாவின் செல்லப்பிள்ளை. மறு ஆண்டு, அவர் பல தசாப்தங்களாகச் சிறுவர் சிறுமியர் மீதும் பெண்கள் மீதும் பாலியல் வன்முறை புரிந்தவர் என்பது அம்பலமானது. பிபிசி நியமித்த விசாரணையின் அறிக்கை 2016 இல் வெளியானது. பிபிசியில் அவர் ஆற்றிய பணியுடன் தொடர்புபட்ட வகையில் மட்டும் 72 பேர் பாதிக்கப்பட்டதாக அது கண்டறிந்தது.

1976 நவம்பரில் ஒளிபரப்பான ‘டொப் ஒஃப் த பொப்ஸ்’ ஒன்றில், சவில் கமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அருகில் நிற்கும் இளம்பெண் திடீரெனத் துள்ளி விலக முயல்கிறார். அவர் சிரித்தபடி பேச்சைத் தொடர்கிறார். அன்று நாடெங்கும் பார்த்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. அப்பெண் பின்னாளில் தனக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகச் சொன்னபோது, அவர் சொல்லுக்குத் துணையாக அந்தக் காட்சி இருந்தது. சில ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சியாக இருந்திருந்தால், அது பெரும்பாலும் அழிந்தே போயிருக்கும்.

பிபிசி 2011 முதல் பழைய நிகழ்ச்சிகளை வரிசையாக மறுஒளிபரப்பி வருகிறது. சவில் தொகுத்தவை 2012 முதல் அதில் சேர்க்கப்படுவதில்லை. பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுத் திரையில் அவர் மீண்டும் சிரிக்கக்கூடாது என்பது நியாயமான முடிவு. அதற்காக அந்த நாடாக்கள் அழிக்கப்படவில்லை என்பதும் அதேயளவு முக்கியமானது. திரையில் காட்டுவதா இல்லையா என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தீர்மானிக்கலாம். அழித்துவிட்டால் அந்தத் தெரிவு எவருக்கும் இல்லை.

இனி எவ்வளவு காலம்?

காக்கப்பட்ட நாடாக்களுக்கும் ஆயுள் உண்டு. காந்தத் துகள்களை நாடாவில் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தால் இளகுகிறது. ஓடவிடும்போது துகள்கள் உரிந்து வருகின்றன. 2 அங்குல நாடாவை ஓட்டும் இயந்திரங்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும் அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களும் அருகிவருகிறார்கள். 2025 அளவில் காந்த நாடாக்களை வழமைபோல ஓடவிட்டுப் பார்ப்பது இயலாமல் போகலாம் என்று யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி-ஒளி ஆவணக் காப்பாளர் சங்கமும் 2019 இல் எச்சரித்தன. அந்த ஆண்டு வந்தேவிட்டது.

இந்த எச்சரிக்கை பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமானது அல்ல. நமது வீட்டு அலுமாரிகளில் இருக்கும் திருமண வீடியோக்களும், இடப்பெயர்வுகளின்போது பையில் வைத்துக் காத்த கசெட்டுகளும் அதே காந்த நாடாதான். அவற்றை வெயிலும் ஈரமும் படாத இடத்தில், தட்டையாகக் கிடத்தாமல் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் இயந்திரத்தில் போட்டுப் பார்க்காமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டிஜிற்றலாக மாற்றிய பின்னரும் மூல நாடாவை எறியாதீர்கள். பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருப்பது நல்லது. படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், திகதி ஆகியவற்றை, அவர்களை அடையாளம் காணக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

இதில் எது நாளைக்குத் தேவைப்படும் என்று இன்றே சொல்ல முடியாது. லண்டனில் நாடாக்களை அழித்தவர்கள் அப்படிச் சொல்ல முடியும் என்று நினைத்தார்கள்.